லூபஸுக்கு கார்-டி ட்ரையல்: தங்கச்சிய சேக்கலாமா, டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்?

கடைசிபெஞ்ச்:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. என் தங்கச்சிக்கு லூபஸ், அதாவது ஒடம்போட எதிர்ப்பு சக்தியே ஒடம்ப தாக்குற நோய். மொதல்ல மூட்டுவலி, மூஞ்சில சிவப்பா தடிப்புன்னு தான் ஆரம்பிச்சுது, அப்புறம் கிட்னிக்கு போயிருச்சு, பயாப்ஸில (கிட்னில இருந்து துளி திசு எடுத்து பாக்குற டெஸ்ட்) கிளாஸ் 4ன்னு, கடுமையான வகைன்னு வந்துச்சு. ஸ்டெராய்டு, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், மைக்கோஃபினோலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, கடைசியா ரிட்டுக்ஸிமாப் வரைக்கும் பாத்தாச்சு. ஒவ்வொண்ணுலயும் கொஞ்ச நாள் நல்லா இருப்பா, ஸ்டெராய்ட குறைக்க ஆரம்பிச்சதும் யூரின்ல புரோட்டீன் ஏறும், கால் வீங்கும், மறுபடியும் மொதல்ல இருந்து.

இப்ப அவளோட ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு, லூபஸ் மாதிரி நோய்ங்கள பாக்குற டாக்டர்), கார்-டி செல், அதாவது டி செல்ங்கற வெள்ளணுவ லேப்ல மாத்தி திருப்பி ஏத்துற சிகிச்சை, அதுக்கு ட்ரையல் ஒண்ணு இருக்கு, பேர் குடுக்கலாமா யோசிச்சு சொல்லுங்கன்னு சொல்லிட்டாங்க. தங்கச்சி உடனே சரின்னுட்டா, அம்மா கேன்சருக்கு குடுக்குறத எதுக்கு இவளுக்கு குடுக்கணும்னு அழுகுறாங்க, நான் நடுவுல மாட்டிக்கிட்டு ராத்திரியெல்லாம் ஏதேதோ படிச்சு இன்னும் குழம்பி போயிருக்கேன்.

என் கேள்விங்க இதான். ரிட்டுக்ஸிமாப்பும் பி செல்ல (ஆன்டிபாடி உண்டாக்குற வெள்ளணு வகை) தான் கொல்லுது, அது கேக்காதப்ப இது மட்டும் எப்படி கேக்கும்? இதுனாலயே கேன்சர் வரும்னு ஒரு எச்சரிக்கை வந்துச்சாமே, உண்மையா? அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகல, பின்னாடி கொழந்த பெத்துக்க முடியுமா? இன்னொண்ணு, சொந்தக்காரர் ஒருத்தர் ஒரு ஸ்டெம் செல் கிளினிக் நம்பர் குடுத்து "அங்க கீமோ இல்லாமலே இதே ரிசல்ட், ஊசி போட்டு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க"ங்கறார். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

நுண்ணோக்கி:

நான் டாக்டர் இல்ல, செல் லேப்ல வேல பாக்குறவன், அதனால மொத கேள்விக்கு மட்டும் வரேன்.

ரிட்டுக்ஸிமாப் ஒரு ஆன்டிபாடி. அது பி செல் மேல இருக்குற சிடி20ங்கற அடையாள புரதத்த புடிச்சுக்கும், ஆனா கொல்ற வேலைய செய்ய ஒடம்புல வேற ஆளுங்க வரணும். ரத்தத்துல அது நல்லாவே நடக்கும், டெஸ்ட் எடுத்தா பி செல் பூஜ்யம்னு வரும், எல்லாரும் சந்தோசப்படுவோம். நிணநீர் முடிச்சுக்குள்ள, வீக்கம் இருக்குற திசுவுக்குள்ள ஒளிஞ்சிருக்குற பி செல் தப்பிச்சுரும். கார்-டி வாங்கினவங்களோட முடிச்சுல இருந்து பயாப்ஸி எடுத்து ரிட்டுக்ஸிமாப் வாங்கினவங்களோட ஒப்பிட்டு பாத்திருக்காங்க, ரிட்டுக்ஸிமாப் ஆளுங்ககிட்ட மிச்சம் இருந்துச்சு, கார்-டி ஆளுங்ககிட்ட தொடச்சு எடுத்த மாதிரி காணோம். மேலாப்புல களைய அறுக்குறதுக்கும் வேரோட புடுங்குறதுக்கும் உள்ள வித்தியாசம் தான்.

செய்முறை என்னன்னா, அவங்க ரத்தத்துல இருந்தே டி செல்ல பிரிச்சு எடுப்பாங்க, வைரஸ் வழியா ஒரு ஜீன உள்ள ஏத்துவாங்க, அந்த ஜீன் டி செல் மேல ஒரு புது ரிசப்டர உண்டாக்கும், அது சிடி19ங்கற அடையாளம் இருக்குற செல்ல தேடிப்போய் கொல்லும். சிடி19 பி செல்லோட சின்ன வயசுல இருந்தே இருக்கும், ஆன்டிபாடி கக்குற பிளாஸ்மாபிளாஸ்ட் வரைக்கும் இருக்கும், அதனால சிடி20ய விட வலை பெருசு. லேப்ல பெருக்கி, நடுவுல ஃப்ளூடராபின், சைக்ளோஃபாஸ்ஃபமைடுன்னு சின்ன கீமோ குடுத்து ஒடம்புல எடம் பண்ணிட்டு, திரும்ப ஏத்துறாங்க. ஏறுன செல் உசுரோட இருக்கு, பெருகுது, முடிச்சுக்குள்ளயும் நுழையுது. ரிட்டுக்ஸிமாப்பால முடியாதது இதான்.

லூபஸுல இது ஜெர்மனில எர்லாங்கன் யுனிவர்சிட்டி ஹாஸ்பிட்டல்ல ஆரம்பிச்சது, கியோர்க் ஷெட் டீம். 2021ல 20 வயசு பொண்ணு ஒருத்தி, கிட்னி உட்பட கடுமையான லூபஸ், அவள பத்தி நியூ இங்கிலாந்து ஜர்னல்ல ஒரு குட்டி கடிதம் மாதிரி தான் போட்டாங்க. 2022ல நேச்சர் மெடிசின்ல 5 பேர். அதுல எனக்கு புடிச்ச விசயம், சராசரியா 110 நாள்ல பி செல் திரும்ப வந்துருச்சு, ஆனா நோய் வரல. வந்த பி செல் எல்லாம் புதுசு, அனுபவமில்லாத நெய்வ் செல். தப்பா பழகின பழைய கும்பல் போயிருச்சு. டிஎன்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடி மறைஞ்சுது, ஆனா தடுப்பூசியால வந்த ஆன்டிபாடி பெரும்பாலும் அப்படியே இருந்துச்சு, ஏன்னா எலும்பு மஜ்ஜைல நீண்ட நாள் வாழுற பிளாஸ்மா செல்லுக்கு சிடி19 இல்ல, இது அத தொடாது.

2024 பிப்ரவரில அதே டீம்ல இருந்து 15 பேர் கணக்கு வந்துச்சு: லூபஸ் 8, மயோசிட்டிஸ் (தசைய தாக்குறது) 3, சிஸ்டமிக் ஸ்க்ளெரோசிஸ் (தோல் இறுகுற ஸ்க்ளெரோடெர்மா) 4. லூபஸ் 8 பேரும் ரெமிஷன், அதாவது நோய் அடங்கிருச்சு, 15 பேரும் இம்யூன அடக்குற மருந்த மொத்தமா நிறுத்திட்டாங்க. மீடியன் ஃபாலோ அப் 15 மாசம்.

---

உப்புமூட்டை:

மேல நண்பர் சொன்னது சரி தான், ஆனா கொஞ்சம் தண்ணி தெளிக்க வரேன், கோவிச்சுக்காதீங்க. 15 பேர். ஒரே ஹாஸ்பிட்டல். ஒப்பிட்டு பாக்க இன்னொரு குரூப் கெடையாது, எல்லாருக்கும் தெரியும் யாருக்கு என்ன குடுக்குறோம்னு. சேத்தவங்க பெரும்பாலும் சின்ன வயசு, நோய் கொதிச்சுக்கிட்டு இருக்குற ஸ்டேஜ். லூபஸ்ல ரிட்டுக்ஸிமாப்பே சின்ன சின்ன குரூப்ல பிரமாதமா தான் இருந்துச்சு, 2010ல எக்ஸ்ப்ளோரர்னு ரேண்டமைஸ்டு ட்ரையல் ரிசல்ட் வந்தப்ப பிளாசிபோவ (மருந்தில்லாத போலி ஊசி) தாண்டல. இதுவும் அப்படி ஆகும்னு நான் சொல்லல, ரெமிஷனோட ஆழம் வேற மாதிரி தான் இருக்கு, ஆனா "குணமாயிரும்"னு அம்மாகிட்ட சொல்லாதீங்க.

இத விட முக்கியம், பயாப்ஸி ரிப்போர்ட்ட எடுத்து வச்சு பாருங்க. கிளாஸ் 4ன்னு மட்டும் பாத்தா பத்தாது, ஆக்டிவிட்டி இண்டெக்ஸ், க்ரானிசிட்டி இண்டெக்ஸ்னு ரெண்டு நம்பர் இருக்கும். ஆக்டிவிட்டி இப்ப எரிஞ்சுக்கிட்டு இருக்குறது, அத அணைக்கலாம். க்ரானிசிட்டி ஏற்கனவே தழும்பா மாறினது, எந்த டி செல்லும் அத திருப்பி கிட்னியா மாத்தாது. தழும்பு நெறைய ஆனப்புறம் கார்-டி குடுத்தா யூரின்ல கொஞ்சம் புரோட்டீன் போய்க்கிட்டே தான் இருக்கும், ரத்தத்துல எல்லாம் சரியா இருந்தாலும் கூட, அப்ப மருந்து வேல செய்யலன்னு நெனச்சு ஒடைஞ்சு போயிருவீங்க. பழைய பயாப்ஸியா இருந்தா புதுசா ஒண்ணு எடுப்பாங்களான்னு கேளுங்க.

---

வடக்குஜன்னல்:

எங்க அப்பாவுக்கு லிம்ஃபோமாவுக்கு கார்-டி குடுத்தாங்க, அதனால ஹாஸ்பிட்டல்ல கூட இருக்குறவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு சொல்றேன், லூபஸ்ல இதவிட லேசா தான் போகுதுன்னு படிச்சேன், ஏன்னா கேன்சர்ல கொல்ல வேண்டிய செல் மலை மாதிரி இருக்கும், லூபஸ்ல அவ்ளோ இல்ல.

செல் ஏத்துறது ஒரு சின்ன பை, ரத்தம் ஏத்துறத விட சீக்கிரம் முடிஞ்சுரும், அதுக்கா இவ்ளோ அலப்பறைன்னு தோணும். அப்புறம் ஜுரம் வரும். அது இன்ஃபெக்ஷனா, இல்ல டி செல் வேலைய ஆரம்பிச்சதால வர்ற சைட்டோகைன் ரிலீஸா (வீக்கத்த கெளப்புற புரதங்க கொட்டுறது) உடனே சொல்ல முடியாது, அதனால ரெண்டுக்கும் சேத்தே பாப்பாங்க, பிளட் கல்ச்சர் எடுப்பாங்க, ஆன்டிபயாடிக் போவும். பிபி இறங்குனா, ஆக்ஸிஜன் குறைஞ்சா டோசிலிசுமாப் குடுப்பாங்க. உங்களுக்கு இந்த பேர் தெரிஞ்சிருக்கும், ஆர்த்ரைட்டிஸ் மருந்து தான். 2012ல எமிலி ஒயிட்ஹெட்னு லுக்கேமியா வந்த கொழந்தைக்கு கார்-டி குடுத்தப்ப இந்த ரியாக்ஷன்ல சாகக்கெடந்தா, அப்ப கார்-டிய உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கார்ல் ஜூனோட டீம் இத போட்டு தான் காப்பாத்தினாங்க. ருமட்டாலஜிக்காரங்க மருந்து கேன்சர் வார்டுக்கு போய், இப்ப கேன்சர் வார்டோட வித்தை ருமட்டாலஜிக்கு வருது.

அப்புறம் தெனமும் நர்ஸ் வந்து கேள்வி கேப்பாங்க. இது எந்த ஹாஸ்பிட்டல், எந்த மாசம், 100ல இருந்து பத்து பத்தா கொறைச்சு சொல்லுங்க, இந்த பொருள் பேர் என்ன, ஒரு வாக்கியம் எழுதுங்க. மூளைய பாதிக்குதான்னு பாக்குற டெஸ்ட். கையெழுத்து கோணலாச்சுன்னா அவங்களுக்கு அதுவே மொத சிக்னல். கூட இருக்குற நீங்க தான் அவ வழக்கமா எப்படி பேசுவா, எப்படி எழுதுவான்னு தெரிஞ்ச ஆளு, பேச்சு கொஞ்சம் மெதுவானாலும் பாத்துக்கலாம்னு விட்டுராதீங்க, நடுராத்திரியா இருந்தாலும் பெல் அடிங்க.

வீட்டுக்கு வந்தப்புறம் தான் நெஜமான பொறுமை வேணும். வெள்ளணு குறைஞ்சே கெடக்கும், இம்யூனோகுளோபுலின் குறையும், அடிக்கடி ரத்தப்பரிசோதன. கொஞ்ச நாளைக்கு ஹாஸ்பிட்டல் பக்கத்துலயே தங்க சொல்லுவாங்க, வண்டி ஓட்டக்கூடாதும்பாங்க. அந்த வாரங்கள்ல யார் லீவு போடுறது, யார் சமைக்கிறதுன்னு இப்பவே பேசி வைங்க.

---

கடைசிபெஞ்ச்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். @உப்புமூட்டை பயாப்ஸி ரிப்போர்ட் எடுத்து பாத்தேன், ஆக்டிவிட்டி நம்பர் அதிகமாவும் க்ரானிசிட்டி குறைவாவும் தான் இருக்கு, ஆனா ரிட்டுக்ஸிமாப்புக்கு முன்னாடி எடுத்த பயாப்ஸி. @வடக்குஜன்னல் நீங்க எழுதுனத தங்கச்சிக்கு படிச்சு காமிச்சேன், "100ல இருந்து பத்து பத்தா இப்பவே எனக்கு வராதே"ன்னு சிரிக்கிறா. கேன்சர் பயமும் அந்த கிளினிக் மேட்டரும் தான் பாக்கி, அம்மா அதுல தான் நிக்கிறாங்க.

---

நுண்ணோக்கி:

கேன்சர் பத்தி. எச்சரிக்கை உண்மை தான். 2023 நவம்பர்ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ விசாரிக்கிறோம்னு சொன்னாங்க, 2024 ஜனவரில எல்லா கார்-டி லேபிள்லயும் டி செல் கேன்சர் வரலாம்னு பெட்டி கட்டி போட சொல்லிட்டாங்க. அப்ப அவங்க குடுத்த கணக்கு, 27,000 டோஸுக்கு மேல குடுத்ததுல 22 கேஸ். வாங்கினவங்க எல்லாம் ஏற்கனவே கேன்சர், ஏகப்பட்ட கீமோ பாத்தவங்க, அதனால லூபஸ் ஆளுங்களுக்கு இந்த நம்பர அப்படியே எடுத்து போட முடியாது. அதுக்காக பூஜ்யம்னும் சொல்ல மாட்டேன், ஜீன் எங்க போய் ஒக்காருதுங்கறது நம்ம கையில இல்ல. ஜீன் நிரந்தரமா ஒக்காருற மாதிரி ட்ரையல்னா 15 வருசம் ஃபாலோ அப்ல வைக்கணும்னு வழிகாட்டுதல் இருக்கு. தங்கச்சிகிட்ட இத சொல்லிருங்க, 15 வருசம்ங்கறது அவ வயசுக்கு சின்ன விசயம் இல்ல.

தராசோட இந்த பக்கமும் பாருங்க. இத்தன வருசம் சைக்ளோஃபாஸ்ஃபமைடு, ஸ்டெராய்டுன்னு போறதுக்கும் கேன்சர் ரிஸ்க், எலும்பு, இன்ஃபெக்ஷன், இதயம்னு ஒரு வெல இருக்கு, கிட்னி போனா டயாலிசிஸ். அம்மா கார்-டிய ஒண்ணுமே செய்யாம சும்மா இருக்குறதோட ஒப்பிட்டு பாக்குறாங்க, ஆனா சும்மா இருக்குறதுங்கறது உங்க வீட்ல ஆப்ஷனே இல்ல.

ஜீன் நிரந்தரமா ஏறாத வகையும் இருக்கு, எம்ஆர்என்ஏவ (கொஞ்ச நாள்ல அழிஞ்சு போற ஜீன் நகல்) டி செல்லுக்குள்ள போட்டு குடுக்குறது, மயஸ்தீனியா கிராவிஸ்ங்கற தசை பலவீன நோய்ல பண்ணிக்கிட்டு இருக்காங்க, அதுக்கு முன்கூட்டி கீமோவும் வேணாம், ஆனா செல் பெருகாது, அதனால திரும்ப திரும்ப ஏத்தணும். வேற ஆளோட செல்ல எடுத்து கிரிஸ்பர்ங்கற ஜீன் வெட்டுற முறைல மாத்தி குடுத்து 2024ல சீனால இருந்து 3 பேரோட ரிசல்ட் செல் ஜர்னல்ல வந்துச்சு. அதனால உங்க ட்ரையல் இதுல எந்த வகைன்னு மொதல்ல கேளுங்க, சொந்த செல்லா அடுத்தவங்க செல்லா, வைரஸா எம்ஆர்என்ஏவா, குறி சிடி19 மட்டுமா, பிளாஸ்மா செல் மேல இருக்குற பிசிஎம்ஏங்கற அடையாளமும் சேந்தா. பிசிஎம்ஏ சேந்தா நீண்ட நாள் பிளாஸ்மா செல்லும் போகும், அப்ப தடுப்பூசி பாதுகாப்பும் சேந்து போகும்.

---

தாழம்பூ:

கிளினிக் பத்தி நான் சொல்றேன், எனக்கு ஸ்க்ளெரோடெர்மா, தோல் இறுகி நுரையீரலுக்கும் போனதுல ஸ்டெம் செல் ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணிக்கிட்டவ நான். ஸ்டெம் செல்னு ஒரே பேர வச்சுக்கிட்டு ரெண்டு வேற வேற விசயத்த விக்கிறாங்க சகோ. எனக்கு பண்ணது ரத்த ஸ்டெம் செல், பலமான கீமோ குடுத்து பழைய இம்யூன் சிஸ்டத்த அழிச்சுட்டு சேத்து வச்ச என் செல்லயே திருப்பி ஏத்துறது. இதுக்கு ஆஸ்டிஸ், ஸ்காட்னு ரேண்டமைஸ்டு ட்ரையல் ரெண்டு இருக்கு, ரெண்டும் நீண்ட நாள் கணக்குல உசுர காப்பாத்துச்சுன்னு காமிச்சுது, ஆனா ஆஸ்டிஸ்ல ட்ரான்ஸ்பிளான்ட் பக்கம் 79 பேர்ல 8 பேர் மொத வருசமே சிகிச்சையாலயே போயிட்டாங்க. இத என்கிட்ட டாக்டர் மூஞ்சிக்கு நேரா சொல்லி தான் கையெழுத்து வாங்குனார். அன்னைக்கே வீட்டுக்கு போன யாரையும் அந்த வார்டுல நான் பாக்கல.

கீமோ இல்ல, ஊசி போட்டு அன்னைக்கே வீடுன்னா அது அனேகமா மீசன்கைமல் செல்லு. கொழுப்புல இருந்தோ தொப்புள்கொடில இருந்தோ எடுப்பாங்க. அது பி செல்ல வேரோட அழிக்காது, இம்யூன் சிஸ்டத்தோட பழைய ஞாபகத்த அழிக்காது, அப்ப இதே ரிசல்ட் எங்கருந்து வரும்? எனக்கும் ஒருத்தர் இப்படி விக்க வந்தார். ட்ரையல் பதிவு நம்பர் குடுங்கன்னேன், வீடியோ லிங்க் அனுப்புனார். எத்திக்ஸ் கமிட்டி பேர் கேட்டேன், "உங்களுக்கு குணமாகணுமா பேப்பர் வேணுமா"ன்னார். நல்லா பேசுனார், அது வேற.

சட்டுனு கண்டுபுடிக்க ஒரு வழி இருக்கு. ட்ரையல்னு சொல்லிட்டு, சோதிச்சு பாக்குற அந்த செல்லுக்கே உங்ககிட்ட காசு கேட்டா எந்திரிச்சு வந்துருங்க. அப்புறம் நெஜ ட்ரையல்ல உங்கள வேணாம்னு சொல்றதுக்கு ஒரு லிஸ்ட் இருக்கும், இன்ஃபெக்ஷன் இருந்தா வேணாம், இதயம் சரியில்லன்னா வேணாம், கிட்னி இந்த அளவுக்கு கீழ போனா வேணாம்னு. கிளினிக்காரன் யாரையும் வேணாம்னு சொல்ல மாட்டான்.

---

மருதாணி_இலை:

கொழந்த பத்தி யாரும் சொல்லல, அதனால வரேன், எனக்கும் லூபஸ் தான். கார்-டிக்கு முன்னாடி குடுக்குற சைக்ளோஃபாஸ்ஃபமைடு எர்லாங்கன் முறைல சதுர மீட்டருக்கு 1,000 மில்லிகிராம், ஒரே ஒரு தடவ. கிட்னிக்கு பழைய முறைல மாசாமாசம் ஆறு மாசம் குடுத்தாங்களே, அதுல ஒரு மாச டோஸ் மாதிரி தான். கருமுட்டைக்கு அது மொத்தமா எவ்ளோ போச்சுங்கறது தான் கணக்கு, உங்க தங்கச்சி ஏற்கனவே வாங்கியிருக்கா, அதனால இதுவரைக்கும் போன டோஸ எல்லாம் கூட்டி எழுதிக்கிட்டு போங்க. கருமுட்டை இருப்பு எவ்ளோன்னு காட்டுற ஏஎம்ஹெச் ரத்த டெஸ்ட் ஒண்ணு எடுத்துருங்க. கருமுட்டைய எடுத்து ஃப்ரீஸ் பண்ணலாம், ஆனா அதுக்கு போடுற ஹார்மோன் ஊசியால ரத்தம் கட்டுற ஆபத்து ஏறும், நோய் கொதிச்சுக்கிட்டு புரோட்டீன் கொட்டுற நேரத்துல, அதுவும் ரத்தம் கட்ட வைக்கிற ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி பாசிட்டிவ்வா இருந்தா, ருமட்டாலஜிஸ்ட்டும் கைனகாலஜிஸ்ட்டும் ஒக்காந்து பேசாம ஆரம்பிக்கக் கூடாது. கீமோ சமயத்துல சினைப்பைய பாதுகாக்கன்னு லியூப்ரோலைடு ஊசியும் போடுறதுண்டு, அதையும் கேளுங்க. இத அவ தனியா டாக்டர்கிட்ட பேசட்டும், அண்ணனும் அம்மாவும் ரூம்ல ஒக்காந்திருந்தா நெறைய கேள்வி வாயிலயே நின்னுரும்.

---

உப்புமூட்டை:

ஒண்ணு விட்டுப்போச்சு. டி செல் எடுக்குறதுக்கு முன்னாடி மருந்த கொறைக்க சொல்லுவாங்க, ஏன்னா மைக்கோஃபினோலேட்டும் அதிக ஸ்டெராய்டும் இருந்தா எடுக்குற டி செல்லே நோஞ்சானா இருக்கும், லேப்ல சரியா பெருகாது. ஆக மருந்து கொறைஞ்சு, செல் இன்னும் தயாராகாத அந்த இடைவெளில தான் லூபஸ் சீறும். அப்ப என்ன செய்வீங்க, எதுவரைக்கும் ஸ்டெராய்டு ஏத்தலாம், ஏத்தினா ட்ரையல்ல இருந்து எடுத்துருவீங்களா, லேப்ல செல் வளரலன்னா மறுபடி எடுப்பீங்களா இல்ல பழைய மருந்துக்கே திரும்பணுமான்னு கேளுங்க. பதில் தெளிவா வந்தா அந்த டீம் இத ஏற்கனவே பண்ணி பாத்த டீம்.

---

நுண்ணோக்கி:

+1. கூடவே ட்ரையல்ல எடம் கெடைக்கலன்னா என்னன்னும் கேட்டு வைங்க. பைஸ்பெசிஃபிக் ஆன்டிபாடின்னு ஒண்ணு இருக்கு, ஒரு கை பி செல்லயும் இன்னொரு கை டி செல்லயும் புடிச்சு ரெண்டையும் பக்கத்துல கொண்டு வந்து நிறுத்தும், செல் எடுக்க வேணாம், லேப் வேணாம், பாட்டில்ல இருந்து எடுத்து போடலாம். டெக்லிஸ்டமாப் லூபஸ்லயும், பிளினடுமோமாப் ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்லயும் விரல் விட்டு எண்ணுற அளவு பேருக்கு குடுத்து 2024ல எழுதியிருக்காங்க. இன்ஃபெக்ஷன் ரிஸ்க் அதுலயும் உண்டு.

---

கடைசிபெஞ்ச்:

எல்லாத்தையும் ஒரு நோட்ல எழுதி வச்சுட்டேன், அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு கொண்டு போறேன். அம்மாகிட்ட 22 கேஸ் கணக்கையும் டயாலிசிஸ் விசயத்தையும் சேத்தே சொன்னேன், இன்னும் சரின்னு சொல்லல, ஆனா அந்த கிளினிக் நம்பர சொந்தக்காரருக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. @மருதாணி_இலை தங்கச்சி உங்க பதில மட்டும் அவ போனுக்கு அனுப்ப சொல்லி வாங்கிக்கிட்டா, டாக்டர தனியா பாக்கப் போறாளாம். @உப்புமூட்டை அந்த இடைவெளில ஸ்டெராய்டு ஏத்த வேண்டி வந்தா செல்ல ஃப்ரீஸ் பண்ணி காத்திருப்பாங்களா, இல்ல மறுபடி எடுக்கணுமா, இந்த கேள்வியும் சேத்துக்கட்டுமா?

---

உப்புமூட்டை:

சேத்துக்கோங்க. செல்ல ஒரு தடவ எடுத்து தயாரிச்சு ஃப்ரீசர்ல வச்சுட்டா அப்புறம் நோயாளிக்கு ஏத்துற ஸ்டெராய்டு அந்த செல்ல தொடாது, பிரச்சன எடுக்குறதுக்கு முன்னாடியும், ஒடம்புக்குள்ள ஏத்துனப்புறமும் தான். சில எடத்துல ஃப்ரீஸ் பண்ணாம ஃப்ரெஷ்ஷா ஏத்துவாங்க, அப்ப தேதிய தள்ளிப்போட முடியாது. அதனால ஃப்ரெஷ்ஷா ஃப்ரோசனான்னு மொதல்ல கேட்டுட்டு அப்புறம் இத கேளுங்க.